எங்கள் புரோகிராமை வாங்கி மூடியவர்கள்

நெய்வேலியில் பெர்மனென்ட் வேலையை ஒருவர் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அந்தச் செய்தி அன்று மாலைக்குள் டவுன்ஷிப்பின் எல்லா பிளாக்குக்கும் போய்விடும். டிசைன் செக்‌ஷன் இன்ஜினியர் ராஜினாமா செய்த அன்று அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வந்து, சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக அம்மாவிடம் அதைத்தான் சொன்னார்.

"டிசைன் செக்‌ஷன்ல ஒரு இன்ஜினியர் வேலையை விட்டுட்டாராம். கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதப் போறாராம். ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு குவார்ட்டர்ஸையும் காலி பண்ணுதாரு."

"தலைக்குச் சுகமில்லையோ என்னமோ" என்றாள் அம்மா. நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை. குவார்ட்டர்ஸ், கம்பெனி பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாமே அந்த வேலையோடு ஒட்டியிருந்தன. அதை விடுவது என்றால் என்ன என்று எங்களுக்குக் கற்பனை செய்யக்கூடத் தெரியாது.

ஆறு மாதம் கழித்து நான் அவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் கார்டைப் புதுப்பித்துக்கொண்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். மந்தாரக்குப்பத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் ஒற்றை அறைதான் அலுவலகம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், மூன்று நாற்காலி. காலையில் போனதும் என் முதல் வேலை, கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருக்கும் துணியை மாடிப்படியில் உதறிவிட்டு வருவது. ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாலும் பழுப்பு நிறத்தில் தூசி உதிரும்.

அந்த அலுவலகத்துக்கு இரண்டு பேர் பங்குதாரர்கள். ஒருவர் அந்த இன்ஜினியர். சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். இன்னொருவர் கம்மாபுரம் பக்கத்து விவசாயி. சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். நிலம் போனவர்கள் லாரி வாங்கினார்கள், வீடு கட்டினார்கள். இவர் கம்ப்யூட்டர் வாங்கினார். கான்ட்ராக்டர்களுக்கு செங்கல் லோடு அடித்த காலத்தில், ஒரு ஷெட் போடுவதற்கு மெட்ராஸிலிருந்து டிராயிங் வர வாரக்கணக்கில் எல்லோரும் காத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். அதை இங்கேயே போட்டுக் கொடுக்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்த இன்ஜினியரைத் தேடிப் போய் நின்றாராம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் தினமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் பச்சை எழுத்துகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவரை அண்ணா என்றும் இன்ஜினியரை சார் என்றும் கூப்பிடுவேன்.

எங்கள் புரோகிராம் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஷெட், கன்வேயர் தாங்கும் சட்டம், தண்ணீர்த் தொட்டி இவற்றின் அளவைக் கொடுத்தால் எந்த இடத்தில் எந்தக் கனத்தில் இரும்பு போட வேண்டும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், போல்ட் எத்தனை என்று கணக்குப் போட்டுப் பட்டியலாக அடித்துக் கொடுக்கும். சார் அதைப் பழைய காகிதங்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதித் தருவார். நான் வரிவரியாக அடிப்பேன். ஒரு கமா விட்டுப்போனால் ஒரு நாள் போய்விடும். அவர் ஒருமுறைகூடத் திட்டியதில்லை. "மறுபடி மேலிருந்து பாரும்மா" என்பார். அவ்வளவுதான்.

ஒரு நாள் அண்ணா திரையைப் பார்த்தபடியே கேட்டார். "சார், நாலு பக்கமும் மூடின ஷெட்டுக்கும் ஒரு பக்கம் தொறந்த ஷெட்டுக்கும் இது ஒரே கணக்கா போடுது?"

"இப்போதைக்கு அப்படித்தானுங்க."

"தப்பு சார். எங்க வூட்டு மாட்டுக்கொட்டாய் மூணு பக்கம் அடைச்சி ஒரு பக்கம் தொறந்துதான் கெடந்துது. புயல்ல காத்து உள்ள பூந்து கூரையை அப்பிடியே தூக்கிகினு போயிடுச்சி. நாலு பக்கமும் தொறந்து கெடந்த களத்துக் கொட்டாய் நின்னுடுச்சி. காத்து உள்ள வந்தா வெளிய போவ வழி வேணும் சார்."

சார் அன்று சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டார். நான்கு நாளில் புரோகிராமில் ஒரு கேள்வி புதிதாக வந்தது. பட்டறை மேஸ்திரிகளும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆங்கில எழுத்திலேயே தமிழாக அடிக்கச் சொன்னார். 'காத்து உள்ள வருமா?' ஆம், இல்லை என்று பதில் சொல்லாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. ஆம் என்றால் போல்ட்டும் அஸ்திவாரமும் கூடும். அண்ணா அந்தக் கேள்வியை என்னை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார்.

டவுன்ஷிப் கடைவீதியில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் கிளை இருந்தது. அவர்களும் இதே மாதிரி ஒரு புரோகிராம் விற்றார்கள். குளிர்சாதன அறை, கலர் அச்சில் விளம்பரம், டை கட்டிய பையன்கள். சுற்றுவட்டாரத்துப் பட்டறைகள் முதலில் அவர்களிடம்தான் போயின. பிறகு ஒவ்வொன்றாக எங்கள் மாடிப்படி ஏறின. பட்டறைக்காரர் யாருக்காவது சந்தேகம் வந்தால் சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகப் போய் அங்கேயே நின்று சொல்லிக் கொடுப்பார். எங்களிடம் இருந்த வித்தியாசம் அதுதான். பண்ருட்டி, விருத்தாசலம் வரை எங்கள் புரோகிராம் ஏற்றிய பிளாப்பிகள் போயின. அந்த ஒன்றரை வருஷம் நான் வேலைக்குப் போவதற்கு ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

அந்த மெட்ராஸ் கம்பெனியின் முதலாளி ஒரு நாள் காரில் வந்து எங்கள் டயர் கடை வாசலில் இறங்கினார். அமைதியான மனிதர். எனக்குக்கூட வணக்கம் சொன்னார். எங்கள் புரோகிராம் நன்றாக இருக்கிறது என்றும், தங்களுடையதோடு சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்றும், எங்களை முழுவதுமாக வாங்கிக்கொள்ளத் தயார் என்றும் சொன்னார். இரண்டு புரோகிராமும் விற்பனையில் இருக்கும், யாருக்கும் வேலை போகாது, சாருக்கு மெட்ராஸில் தலைமைப் பொறுப்பு. அந்தக் 'கேள்வி'யைத் திரையில் பார்த்துச் சிரித்தார். "இதை மட்டும் கொஞ்சம் இங்கிலீஷ்ல மாத்திக்கலாம்" என்றார்.

அவர் போன பிறகு சார், "குடுக்கக் கூடாதுங்க" என்றார்.

அண்ணாவின் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்துகொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியும். எவ்வளவு தூரத்துக்கு முற்றியிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சார், நீங்க எழுதினது. குடுக்காதேன்னா குடுக்கல. ஆனா எனக்கு விக்கறதுக்கு வேற இன்னா இருக்குது? நெலம் போயிடுச்சி. இந்தப் பொட்டிதான் இருக்குது."

"ஒரு வருஷம் பொறுத்தோம்னா..."

"அவளுக்கு ஒரு வருஷம் இல்லன்றாங்க சார்."

அதற்கு மேல் சார் வாதாடவில்லை. மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பிரின்டரில் காகிதம் மாட்டுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். பதினைந்து நாளில் கையெழுத்தானது. அக்ரிமென்ட்டில் ஒரு பத்தி, அதை நான்தான் சத்தமாக வாசித்தேன்: ஐந்து வருஷத்துக்கு சார் வேறு யாருக்காகவும், தனக்காகவும்கூட, கட்டுமானக் கணக்குப் போடும் புரோகிராம் எழுதக் கூடாது. அது வழக்கமாகப் போடுவதுதான் என்றார் வக்கீல்.

சார் மெட்ராஸ் போனார். மனைவியும் பிள்ளைகளும் மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டிலேயே இருந்தார்கள். என்னை டவுன்ஷிப் கிளைக்கு மாற்றினார்கள். முதல் மூன்று மாதம் எதுவும் மாறவில்லை. நான்காவது மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் ஒரே புரோகிராம்தான், அவர்களுடையது. பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரிடமும் நேரில் போய்ப் பழைய பிளாப்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதியதைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு என்னைத்தான் தெரியும் என்பதால் அந்த வேலை எனக்கு.

பஸ் பஸ்ஸாகப் போனேன். பட்டறைக்காரர்கள் என்னை நம்பிக் கொடுத்தார்கள். "இது அதைவிட நல்லதாம்மா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க" என்றேன். நெல்லிக்குப்பத்தில் ஒருவர் மட்டும், கேட்டதையே மறுபடி கேட்டார். நானும் சொன்னதையே மறுபடி சொன்னேன்.

சனிக்கிழமைகளில் சார் ஊருக்கு வருவார். ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதுவரை அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. இளைத்திருந்தார். அம்மா காபி கொடுத்தாள். மெட்ராஸில் என்ன வேலை சார் என்று கேட்டேன்.

"ஒரு ரூம் குடுத்திருக்காங்க. டெலிபோன் இருக்கு. கம்ப்யூட்டர் இல்லை." பிறகு, "எல்லாத்தையும் திருப்பி வாங்கியாச்சா?" என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். என் பையிலதான் இருக்கு. திங்கக்கிழமை அனுப்பணும்."

"அதை நீ வச்சுக்கோம்மா. எழுதினது ஒண்ணும் என்கிட்ட இல்லை. காகிதத்தையெல்லாம் அவங்க எடுத்துக்கிட்டாங்க. விக்கிறதுக்கில்லை. சும்மா இருக்கட்டும்."

அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸ் போய்விடும். என் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்கு உறுதியாக இருந்தது. எத்தனை பிளாப்பி என்று மெட்ராஸில் அவர்களிடம் பட்டியல் இருந்தது. "முடியாது சார்" என்றேன். அவர் தலையாட்டினார். காபியை முழுவதும் குடித்து, டம்ளரைக் கழுவி வைக்கப் போனவரை அம்மா தடுத்தாள். திங்கட்கிழமை அந்தக் கடைசிப் பிளாப்பியையும் கட்டி அனுப்பினேன். அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாது. பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், ஊருக்கு வெளியே ரோட்டோரம் இருந்த ஓர் இரும்புப் பட்டறைக்குப் புது ஷெட்டுக்கு டிராயிங் கேட்டார்கள். பழைய வாடிக்கைக்காரர். மூன்று பக்கம் தகரம் அடித்து, லாரி உள்ளே வருவதற்காக ரோட்டுப் பக்கம் முழுவதும் திறப்பு. புதிய புரோகிராமில் அளவுகளைக் கொடுத்தேன். திறப்பைப் பற்றி அது எங்கும் கேட்கவில்லை. கடைசித் திரைவரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன். இல்லை. மெட்ராஸுக்கு டெலிபோன் செய்தேன்.

"நாலு பக்கமும் மூடினதா எடுத்துக்கும். அடுத்த வெர்ஷன்ல வரும். இப்ப அப்படியே குடுத்துடுங்க" என்றார் ஒரு இளைஞர்.

"ஒரு பக்கம் திறந்திருக்கு சார்."

"மூடிக்கச் சொல்லுங்களேன்."

பட்டறைக்காரரிடம் சொன்னேன். மழை நாளில் அந்தப் பக்கத்துக்கும் தகரம் மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். சரிம்மா என்றார். மாட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். லாரி எப்படி உள்ளே வரும்? பழைய கேள்வியின் கணக்கு எனக்கு மனப்பாடமாக வராது. ஆனால் போல்ட் எவ்வளவு கூடும் என்று சாரைக் கேட்டிருக்கலாம். சனிக்கிழமை அவர் ஊரில்தான் இருந்தார். கம்பெனி விஷயம் எதையும் அவரிடம் பேசக் கூடாது என்று கிளை மேனேஜர் சொல்லியிருந்தார். டிராயிங்கின் மூலையில் தயாரித்தவர் என்ற கட்டத்தில் என் இனிஷியலைப் போட்டுக் கொடுத்தேன்.

கார்த்திகையில் புயல் வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். மழைக்கு ஒதுங்கி ஐந்தாறு பேர் அந்த ஷெட்டுக்குள் நின்றிருக்கிறார்கள். ரோட்டுப் பக்கமிருந்து காற்று புகுந்ததும் கூரை முதலில் உப்பியது என்றும், பிறகு தூண்கள் போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு கிளம்பின என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். எழும்பிய கூரை சாய்ந்து திரும்பி உள்ளேயே விழுந்தது. ஒருவருக்கு இடுப்பு போனது. கேஸ் கட்டிங்கில் இரும்பு வெட்டுகிற ஒருவர், கம்மாபுரம் பக்கத்துக்காரர், அங்கேயே இறந்துவிட்டார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். கான்ட்ராக்ட் ஆள்.

விசாரணைக்கு வந்தவர்கள் அஸ்திவாரத்துச் சிமெண்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். பட்டறைக்காரரைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். கலவை சரியில்லை என்று முடிந்தது. டிராயிங்கை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

நான்தான் சாரைத் தேடிப் போனேன். அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் மகளின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலால் கணக்குப் போட்டார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கடைசி எண்ணின் கீழ் கோடு போட்டுவிட்டு, காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"நம்ம கணக்குக்கு இதுல பாதி போல்ட்கூட இல்லைம்மா."

"நான் உங்களைக் கேட்டிருக்கலாம் சார்."

இல்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. "கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "நானும் அங்க ஒரு ரூம்ல சும்மாதான் உக்காந்திருந்தேன்" என்றார்.

அவர் மெட்ராஸ் முதலாளிக்கு எல்லாவற்றையும் விவரித்து எழுதினார். பதில் வக்கீலிடமிருந்து வந்தது. அக்ரிமென்ட்டின் பத்திகளை எண் போட்டு நினைவூட்டியிருந்தார்கள். அந்த வாரமே சார் வேலையை விட்டார். இரண்டாவது ராஜினாமா. இந்த முறை அதை யாரும் பேசவில்லை. மந்தாரக்குப்பத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். ஐந்து வருஷம் முடிந்த பிறகும் புரோகிராம் எழுதவில்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டேன். "அதெல்லாம் இப்ப வேற மாதிரி போயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

நான் அந்தக் கம்பெனி வேலையை விடவில்லை. அப்பா ரிட்டயர்டு ஆகி, நாங்கள் வடக்குத்துப் பக்கம் வாடகைக்குப் போய், அதற்கப்புறமும் அங்கேயேதான் இருந்தேன். திறப்புள்ள ஷெட் எதுவும் வந்தால் புரோகிராம் சொல்வதைவிட இரண்டு மடங்கு போல்ட் நானாகவே எழுதிக் கொடுத்தேன். அது கணக்கில்லை, பயம். கிளையை அவர்களே மூடும்வரை அப்படித்தான் ஓட்டினேன்.

அண்ணா மனைவி புயலுக்கு அடுத்து வந்த தை மாதமே இறந்துபோனாள். துக்கம் கேட்கப் போன என்னை, காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி, அந்த கேஸ் கட்டிங்காரர் வீட்டுக்கு அவரே அழைத்துப் போனார். அவருக்குப் பக்கத்துத் தெரு அது. ஷெட் கணக்கைப் பற்றி சார் அவரிடம் சொல்லியிருந்தார். வழியில் என்னிடம் சொன்னார். "நான் விக்காம இருந்திருந்தா அந்த ஆளு இருந்திருப்பான். இவளும் எப்பிடியும் போயிட்டா." நான் கூடவே நடந்தேன்.

அந்தம்மா வாசலில் எங்களுக்குப் பாய் போட்டாள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். டிராயிங் நான் போட்டது என்று ஒரே வாக்கியம். பஸ்ஸில் பலமுறை அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அண்ணாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இவங்க ஆபீஸ்ல இருக்கறவங்களாண்ணா? அந்தப் பட்டறையில சொல்லி எனக்கு ஒரு வேலை வாங்கித் தர முடியுங்களா? பெருக்கற வேலைன்னாலும் பரவால்லீங்க."

"கேட்டுப் பாக்கறேங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் உடனே சரி என்றார். அவருக்கும் எங்கேயாவது ஏதாவது செய்ய வேண்டியிருந்திருக்கும். அடுத்த மாதத்திலிருந்து அவள் அங்கே வேலைக்கு வந்தாள், கான்ட்ராக்டில்தான். அதற்குள் நாங்கள் வடக்குத்துப் பக்கம் மாறியிருந்தோம்; அங்கிருந்து நான் டவுன்ஷிப் போகும் பஸ் அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஷெட்டை மறுபடி எழுப்பியிருந்தார்கள். ரோட்டுப் பக்கத்தில் இரும்புத்தூள் பெருக்கிக்கொண்டிருப்பவள் பஸ்ஸைக் கண்டால் நிமிர்ந்து, ஜன்னலில் என்னைத் தேடுவாள். கண்டுபிடித்ததும் விளக்குமாற்றை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கும்பிடுவாள். வேலை வாங்கிக் கொடுத்தவள் என்று.

நானும் கும்பிட்டேன். கிளை மூடும்வரை, ஏறக்குறைய ஒன்றரை வருஷம்.